துரை வீட்டு வாசலா, தணிகை மலைப் படியா? டிசம்பர் 31-ஐ திருப்பிவிட்ட வள்ளிமலை சுவாமிகளின் கதை

டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஈசிஆர் ரிசார்ட்டுகளில் பார்ட்டி, மால்களில் ஆண்டு இறுதி ஆஃபர், தேவாலயங்களில் நள்ளிரவு ஆராதனை, 12 மணிக்கு வாட்ஸ்அப் திணறல். அதே நாளில் சென்ட்ரலில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில் வேறொன்று நடக்கும். சரவணப் பொய்கை பக்கம் மலையடிவாரத்தில் காலையிலேயே பஜனைக் கோஷ்டிகள் கூடிவிடும். ஒவ்வொரு படியாகக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடுவார்கள். பிறகு அடுத்த படி. இப்படி 365 படிகள். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை படி என்பது ஊரில் சொல்லும் கணக்கு. மேலே முருகன் சன்னதிக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி ஆகிவிடும். புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் தரிசனம்.

இதைப் பார்க்கும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். தமிழ்க் கோயில் திருவிழா என்றால் தைப்பூசம், ஆடிக் கிருத்திகை, பங்குனி உத்திரம் என்று நட்சத்திரமோ திதியோ பார்த்துத்தான் வரும். டிசம்பர் 31 எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? அறுபடை வீடுகளில் ஐந்தாவது வீட்டில், இங்கிலீஷ் காலண்டர் தேதியில் ஒரு பெரிய திருவிழா எப்படி வந்தது?

பழைய புராணம் எதிலும் இதற்குப் பதில் இல்லை. இது ஒரு மனிதர் தொடங்கியது. அவர் மைசூர் அரண்மனையில் சமையல்காரராக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் இதைத் தொடங்கக் காரணம், கிறிஸ்துமஸ்-புத்தாண்டு சீசனில் அப்போது மெட்ராஸில் நடந்த ஒரு பரிசுக்கூடை விவகாரம்.

சமையல்காரர் அர்த்தநாரி

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று பின்னால் அறியப்பட்டவருக்கு வீட்டில் வைத்த பெயர் அர்த்தநாரி. 1870-ல் ஈரோடு பக்கம் பவானி வட்டாரத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் பெரிதாக வாய்க்கவில்லை. சின்ன வயதிலேயே மைசூருக்குப் போய், அரண்மனைச் சமையலில் சேர்ந்துவிட்டார். கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன, சிலர் சிறு வயதிலேயே இறந்தும் போனார்கள். அந்தக் காலத்துக் குடும்பங்களில் இது சாதாரணமாக நடந்ததுதான். ஆனால் சாதாரணமாக நடந்தது என்பதால் வலி குறைந்துவிடுமா என்ன?

இதோடு அவருக்குத் தீராத வயிற்று வலியும் இருந்தது. ஊருக்கே சமைத்துப் போடும் ஆள், தான் நிம்மதியாகச் சாப்பிட முடியாத நிலை. பார்த்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், முப்பதுகளின் பிற்பகுதியில், 1908 வாக்கில் குடும்பத்தோடு பழனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயே தங்கி கோயிலில் சேவை செய்துகொண்டு, முருகனுக்கு அபிஷேகம் செய்ததையே மருந்தாக எடுத்துக்கொண்டார். வலி தீர்ந்தது. அது எப்படித் தீர்ந்தது என்று இன்றைய டாக்டர் வேறு விளக்கம் சொல்லலாம். அர்த்தநாரியைப் பொறுத்தவரை விளக்கம் ஒன்றுதான்.

பழனியில்தான் இன்னொன்றும் நடந்தது. மைசூரில் இருந்து வந்திருந்த ஒரு நடனப் பெண்மணி, சன்னதியில் ஒரு திருப்புகழ் பாடலுக்கு ஆடினார். அர்த்தநாரி அதுவரை திருப்புகழைக் கவனித்துக் கேட்டதில்லை. பாட்டின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, நோயும் ஏளனமும் குடும்பக் கஷ்டமும் சேர்ந்த தன் கதையையே யாரோ முன்கூட்டி எழுதி வைத்துவிட்டதுபோல் அவருக்குப் பட்டது. 15-ம் நூற்றாண்டு அருணகிரிநாதரும் 20-ம் நூற்றாண்டுச் சமையல்காரரும் சந்தித்துக்கொண்ட இடம் அது.

புத்தகத்தை வாங்கினார். ஆனால் படிக்கத் தெரியாது. நாற்பதை நெருங்கும் வயதில், பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொண்டார். அவருடைய அரிச்சுவடி, பாடப் புத்தகம் இரண்டுமே திருப்புகழ்தான். தமிழில் வாய்க்குள் சுலபமாக நுழையாத சந்தம் கொண்ட நூல் என்று பெரிய பண்டிதர்களே சொல்லும் புத்தகத்தை, ஒருவர் எழுத்துக் கற்றுக்கொள்ளும் வாசகமாக எடுத்தார் என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அவர் கையில் அந்தப் புத்தகம் கிடைத்ததற்கும் ஒரு பின்கதை உண்டு. அதற்கு முந்தைய தலைமுறை வரை திருப்புகழ் ஏடுகளாகச் சிதறிக் கிடந்தது. 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கில், கோர்ட்டில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்று ஆதாரமாகக் காட்டப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட நீதித்துறை ஊழியர் ஒருவர், இவ்வளவு அழகான பாட்டா என்று அசந்துபோய், ஊர் ஊராக ஏடு தேட ஆரம்பித்தார். அவர்தான் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. பின்னால் முன்சீப் ஆனவர். 1890-களில் தொடங்கி அவர் திருப்புகழை அச்சில் கொண்டுவந்தார். 1909-ல் காலமானார். அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை இந்தக் கதையில் பின்னால் வருவார்.

அண்ணாமலையில் இருந்து வள்ளிமலைக்கு

வலி தீர்ந்த மனிதர் மைசூருக்குத் திரும்பி சம்பள வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு வெளியேறி, நடந்தே ஊர்கள் சுற்றினார். வடக்கே இமயமலை வரை போனார். துறவு வாங்கினார், சச்சிதானந்தர் ஆனார். மனைவி மக்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் துறவிகளின் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. இந்தக் கதையும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

திருவண்ணாமலையில் விரூபாட்ச குகைக் காலத்து ரமணரிடம் போய் இருந்தார். ஒருநாள் ரமணர் அவரை உடனே மலையைவிட்டுக் கீழே இறங்கும்படி சொன்னதாகவும், ஏன் என்று புரியாமலே இறங்கியவர் கீழே சேஷாத்ரி சுவாமிகளைச் சந்தித்ததாகவும் அடியார்கள் சொல்வார்கள். சேஷாத்ரி சுவாமிகள் அவருக்குச் சொன்னது, வேறு மந்திரம் தேடி அலையவேண்டாம், கையில் இருக்கும் திருப்புகழே போதும், வள்ளிமலைக்குப் போ என்பதுதான்.

வள்ளிமலை இப்போதைய வேலூர் மாவட்டத்தில், காட்பாடிக்கு வடக்கே, மேல்பாடி பக்கம் இருக்கிறது. பழைய சமணக் குகைச் சிற்பங்கள் உள்ள மலை. குறவர் வீட்டில் வளர்ந்து தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் சந்தித்த மலை என்பது ஐதீகம். அங்கே ஒரு குகையில் சுவாமிகள் தங்கினார். சடைமுடி, கோவணம், கையில் திருப்புகழ். வள்ளியைப் பொங்கி என்ற பெயரில் அவர் வழிபட்டார். அந்த ஆசிரமத்தில் இன்றும் அந்தப் பெயர்தான்.

காட்டில் உட்கார்ந்துவிட்ட சாமியார் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இவர் அடிக்கடி மெட்ராஸுக்கு வந்துகொண்டிருந்தார். வந்தால் பஜனை. வீடு வீடாக, தெருத் தெருவாக, சத்தமாகத் திருப்புகழ். அர்த்தம் தெரியாவிட்டாலும் பாடு, பாடப் பாட வரும் என்பது அவர் வழி. தான் அப்படித்தானே படித்தார். சுற்றிச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாக்கள், அதிகாரிகள். மாதச் சம்பளக்காரர்கள். தலைக்கு மேல் ஒரு வெள்ளைக்கார துரை இருக்கிற ஆட்கள்.

டாலி என்றால் என்ன?

இப்போது ஆபீஸில் சீக்ரெட் சான்டா விளையாடுகிறோம். வாடிக்கையாளர் கம்பெனிக்கு கேக் பெட்டியும் டைரியும் காலண்டரும் அனுப்புகிறோம். இதற்கெல்லாம் தாத்தா ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. பெயர் டாலி.

டாலி என்றால் தட்டு அல்லது கூடை. அதில் பழம், பூ, காய்கறி, இனிப்பு, உலர் பழங்கள் அடுக்கி, மேலதிகாரியின் பங்களாவுக்குக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். 1886-ல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் இதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. பரிசு வாங்கக்கூடாது என்று கம்பெனி அதிகாரிகளுக்கு 1773-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே தடை போட்டாகிவிட்டது. ஆனால் பூவும் பழமும் பரிசா, மரியாதையா? அந்த ஓட்டை வழியாகத்தான் டாலி உயிர் வாழ்ந்தது. சமயத்தில் பழத்துக்கு அடியில் பாட்டிலும் இருக்கும். சிலர் திருப்பி அனுப்பினார்கள், சிலர் வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு உச்ச சீசன் கிறிஸ்துமஸும் ஜனவரி 1-ம்தான். துரைக்குப் பண்டிகை, ஆபீஸுக்கு விடுமுறை. அன்றைக்குத் தலைப்பாகையும் கோட்டுமாகப் போய், எலுமிச்சம்பழமும் மாலையும் பழத்தட்டும் கொடுத்து, சலாம் வைத்துவிட்டு வரவேண்டும். போகாதவர் பெயர் கவனிக்கப்படும். பிரமோஷனும் டிரான்ஸ்பரும் யார் கையில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பதை மரியாதை என்று மட்டும் சொல்ல முடியாது. அது வேலைக்கான இன்சூரன்ஸ் பிரீமியம். குமாஸ்தாவின் சம்பளத்தில் அந்தப் பழத்தட்டு ஒரு செலவு. அதை அவர் தன் வீட்டில் செலவழித்திருக்கலாம்.

இன்னொரு பக்கம், கிறிஸ்துமஸே அப்போது மாறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1843-ல் முதல் வர்த்தக கிறிஸ்துமஸ் கார்டு அச்சானது. அதற்குப் பிந்தைய ஐம்பது, அறுபது வருஷத்தில் அது கார்டு, பரிசு, கடை வீதி என்று பெரிய வாங்கும் சீசன் ஆகிவிட்டது. 1863-ல் தொடங்கிய ஸ்பென்சர்ஸ், மவுண்ட் ரோட்டில் கப்பலில் வந்த சீமைச் சரக்கை விற்றுக்கொண்டிருந்தது. மெட்ராஸ் துரைமார்களின் டிசம்பர் அங்கேதான் ஷாப்பிங் செய்தது. துரை கடையில் வாங்குவார், துரைக்குக் கீழே இருப்பவர் துரைக்காக வாங்குவார்.

இதில் ஏசுவுக்கு என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி மிகப் பழையது. ஜனவரி 1 முதலில் ரோமாபுரியின் பண்டிகை. அன்றைக்குப் பெரிய மனிதர்களுக்குப் பரிசு கொடுப்பது ரோமர் வழக்கம். அகஸ்டஸ் சீசர் ஊரில் இல்லாவிட்டாலும் மக்கள் அவருக்காகக் காசு வைத்துவிட்டுப் போனார்கள். கலிகுலாவோ பரிசு வாங்கப்போவதாக அறிவித்துவிட்டு, ஜனவரி 1 அன்று மாளிகை முகப்பில் தானே நின்று வாங்கிக்கொண்டார். டாலிக்குக்கூட இத்தனை வெளிப்படைத்தன்மை கிடையாது. பிற்பாடு கிறிஸ்தவம் பரவிய பிறகும் ஆட்கள் அந்தப் பண்டிகையை விடவில்லை. 5-ம் நூற்றாண்டு வாக்கில் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகஸ்டின், ஒரு ஜனவரி 1 பிரசங்கத்தில் தன் சபையாரிடம் கேட்டுக்கொண்டது இதுதான்: மற்றவர்கள் புத்தாண்டுப் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் அதை ஏழைக்குத் தர்மமாகக் கொடுங்கள். அவர்கள் குடித்துக் களிக்கட்டும், நீங்கள் உபவாசம் இருங்கள்.

அகஸ்டின் தேதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. கொடுக்கிற கையை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். வள்ளிமலை சுவாமிகள் அகஸ்டினைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் 1,500 வருஷம் கழித்து மெட்ராஸில் அவர் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

துரைக்கெல்லாம் துரை

அடியார்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இப்படிப் போகிறது. பஜனைக்கு வரும் ஆட்கள் டிசம்பர் கடைசியில் பழமும் மாலையும் வாங்குவதில் மும்முரமாக இருப்பதை சுவாமிகள் பார்க்கிறார். எதற்கு என்று கேட்கிறார். புத்தாண்டுக்கு துரையைப் பார்க்கப் போகிறோம் என்கிறார்கள். வயிற்றுப் பிழைப்பு, போகாமல் இருக்க முடியாது. சுவாமிகள் போகாதே என்று சொல்லவில்லை. எல்லா துரைக்கும் மேலே ஒரு துரை தணிகை மலையில் இருக்கிறார், முதல் சலாம் அவருக்கு வைத்துவிட்டு அப்புறம் இவரைப் பார்க்கப் போங்கள் என்கிறார்.

இந்த யோசனையின் சாமர்த்தியத்தைக் கவனிக்கவேண்டும். குமாஸ்தாவின் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. போராட்டம் கிடையாது, ராஜினாமா கிடையாது. விடுமுறை ஏற்கெனவே இருக்கிறது. பழமும் மாலையும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. வரிசையில் நின்று கும்பிடும் பழக்கமும் இருக்கிறது. மாற்றியது போய் நிற்கும் இடத்தையும் வரிசையில் யார் முதல் என்பதையும்தான். ஆனால் வருஷத்தின் முதல் வணக்கம் யாருக்கு என்று மனசுக்குள் ஒருமுறை முடிவு செய்துவிட்ட ஆள், ஜனவரி 1 மதியம் துரை முன்னால் நிற்கும்போது டிசம்பர் மாதத்து ஆளாக இருப்பாரா?

அடியார்கள் வைத்திருக்கும் கணக்குப்படி முதல் படித் திருவிழா நடந்தது 1917 டிசம்பர் 31. அந்த மாதத்தை மெட்ராஸ் மறந்திருக்காது. முதல் உலகப் போர் நான்காவது வருஷத்தில் இருந்தது. 1914-ல் எம்டன் குண்டு போட்ட பயமே இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்தியாவுக்கான மந்திரி எட்வின் மாண்டேகு அதே டிசம்பரில் மெட்ராஸுக்கு வந்து தூதுக்குழுக்களைச் சந்தித்தார். ஊரே மாலையும் மனுவுமாக அலைந்த சீசன். அந்த நேரத்தில் ஒரு கோவணச் சாமியார் ரயிலேறி, ஒரு கூட்டத்தைத் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஏன் திருத்தணி? நடைமுறைக் காரணம் எளிது. மெட்ராஸில் இருந்து ரயிலில் போய்விட்டு அடுத்த நாள் ஆபீஸுக்கு வந்துவிடலாம். பழனி, திருச்செந்தூர் என்றால் முடியாது. அதோடு ஐதீகக் காரணமும் உண்டு. சூரனை முடித்த முருகன் கோபம் தணிந்த இடம் இது. அதனால்தான் மற்ற ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது கிடையாது, பூ மழைதான். வள்ளியை மணந்துகொண்ட இடமும் இதுவே. வள்ளிமலைக் குகையில் இருந்து வந்தவருக்கு இது பெண் வீட்டில் இருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற மாதிரி.

செங்கல்வராய பிள்ளை வருவது இங்கேதான். 1883-ல் பிறந்தவர், பத்திரப் பதிவுத் துறையில் அதிகாரி, அப்பா அச்சிட்ட திருப்புகழை ஆராய்வதே வாழ்க்கை என்று இருந்தவர். திருத்தணி முருகன் மேல் உள்ள பக்தியால் தணிகைமணி என்றே பெயர் பெற்றவர். இவரும் மாதச் சம்பளக்காரர்தான், இவருக்கும் தலைக்கு மேல் துரை உண்டு. புத்தகத்தைப் பதம் பிரித்துப் படிக்கும் அறிஞரும், அதை வைத்தே எழுத்துக் கற்றுக்கொண்ட துறவியும் இந்த விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

ஒரு சின்ன தகவல். திருத்தணி என்றதும் பலருக்கு நினைவு வரும் பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். மிஷன் பள்ளியிலும் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். இந்து மதத்தைப் பற்றி மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனம்தான் தன்னைத் தத்துவ ஆராய்ச்சிக்குத் தள்ளியது என்று பின்னால் எழுதினார். 1918-ல் அவர் பேராசிரியராகப் போனது மைசூருக்கு. மைசூர்ச் சமையலறையை விட்டு வந்தவர் திருத்தணியில் படி ஏறிக்கொண்டிருந்த அதே சமயம். ஒருவர் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிப் பதில் சொன்னார். இன்னொருவருக்கு அந்த விவாதமே இல்லை. பைபிளைப் பற்றியோ தேவாலயம் பற்றியோ அவர் சண்டை போட்டதாக அடியார்கள் சொல்லும் கதைகளில் வருவதில்லை. அவர் கண்ணில் பட்டது பங்களா வாசலில் கூடையோடு நிற்கும் நம் ஆட்கள்தான்.

தேவாலயத்திலும் அதே ராத்திரி

டிசம்பர் 31 ராத்திரியைப் பிரார்த்தனைக்குத் திருப்பியதில் சுவாமிகள் தனி ஆள் இல்லை. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் அன்றைக்கு நடக்கும் வாட்ச் நைட் ஆராதனைக்கும் இதுபோல ஒரு கதை உண்டு. 1740-களில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்கள், வேலை முடிந்த ராத்திரிகளைச் சாராயக் கடையில் கழித்துக்கொண்டிருந்தார்கள். மனம் மாறிய சிலர் அதே ராத்திரி நேரத்தை ஜெபத்தில் செலவழிக்க ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று சிலர் சொன்னபோதும் ஜான் வெஸ்லி அதை ஆதரித்தார். அது மெதடிஸ்ட்களின் வழக்கமாகி, வருஷக் கடைசி ராத்திரியோடு ஒட்டிக்கொண்டு, மிஷனரிகளோடு உலகம் சுற்றியது. இன்றைக்கு நம் ஊரில் 11 மணிக்குக் கோயில் மணி அடித்து, நள்ளிரவில் வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆக, கடையும் குடியும் பரிசுக்கூடையும் பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரியைச் சுரங்கத் தொழிலாளியும் மீட்டெடுக்கப் பார்த்தார், குமாஸ்தாவும் மீட்டெடுக்கப் பார்த்தார். திருத்தணியில் படிகள், கிங்ஸ்வுட்டில் விழிப்பு.

இது யார் புத்தாண்டு?

சுவாமிகள் செய்ததற்கு எதிர்க் கேள்வியும் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சித்திரை முதல் நாள் இருக்கும்போது, வெள்ளைக்காரன் காலண்டருக்குக் கோயிலில் இடம் கொடுத்தது யார்? ஆகமத்தில் இல்லாத நாளில் நள்ளிரவில் நடை திறக்கலாமா? ஒவ்வொரு டிசம்பரிலும் இது கிளம்பும். 2017 டிசம்பரில் ஆந்திர அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் இந்து தர்ம பரிரட்சண டிரஸ்ட், ஜனவரி 1-க்காகக் கோயில்களில் சிறப்பு அலங்காரமும் செலவும் வேண்டாம், நம் புத்தாண்டு உகாதிதான் என்று சுற்றறிக்கையே அனுப்பியது. அந்த எல்லை திருத்தணியில் இருந்து கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகே இந்தப் பக்கம் வந்தது. சுற்றறிக்கை வந்த அந்த மாதம், முதல் படித் திருவிழாவுக்குச் சரியாக நூறு வயது.

ஜனவரி 1 ஆங்கிலேயருக்கேகூட அவ்வளவு பழையது இல்லை. இங்கிலாந்தில் 1752-க்கு முன்புவரை சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். ஆனால் சுவாமிகளை இந்த வாதத்துக்குள் இழுத்தால் அவர் செய்ததன் குறி தப்பிவிடும். அவர் அந்த நாளைப் புனிதமாக்கக் கிளம்பவில்லை. தன் ஆட்கள் அந்த நாளில் எங்கே நின்றுகொண்டிருந்தார்களோ அங்கே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர்கள் சித்திரை முதல் நாளில் கூடையோடு நின்றிருந்தால், படித் திருவிழா சித்திரையில் வந்திருக்கும்.

இதைவிடச் சங்கடமான கேள்வி வேறொன்று. டாலி வரிசையில் இருந்து மீட்ட ராத்திரி இப்போது எப்படி இருக்கிறது? புத்தாண்டின் முதல் தரிசனம் என்பதே இன்றைக்கு ஒரு பொருளாகிவிட்டது. முதல் காட்சி டிக்கெட் மாதிரி. அடித்துப் பிடித்துப் போய், ஒரு செல்ஃபி, ஒரு ஸ்டேட்டஸ். திருத்தணி மேலே வரை வண்டி போகும் ரோடு இருக்கிறது. கூட்டத்தில் கணிசமான பேர் ஒரு படியும் மிதிக்காமல் சன்னதிக்குப் போய்விடுவார்கள். அங்கே கட்டண வரிசையும் உண்டு, முக்கியஸ்தர்களுக்குத் தனி வழியும் உண்டு. துரை வாசலில் யார் முதலில் என்று நின்ற அதே வரிசை, மலைமேல் வேறு பெயரில் வந்து நிற்கிறதோ என்று தோன்றாமல் இல்லை. தேவாலயத்துப் போதகர்கள் டிசம்பர் மாதம் புலம்புவதும் இதைத்தான்: ஸ்டாரும் கேக்கும் புதுத்துணியும் வந்துவிட்டது, குழந்தை பிறந்த மாட்டுக்கொட்டகை எங்கே?

சுவாமிகள் வைத்த முறை இதற்கு இடம் கொடுக்காத மாதிரிதான் இருந்தது. படிப் பூஜையைச் சீக்கிரம் முடிக்க முடியாது. ஒரு படிக்கு ஒரு பாட்டு என்றால் ஒரு பாட்டு. அதில் எக்ஸ்பிரஸ் கியூ கிடையாது. பக்கத்தில் பாடுகிறவர் ஜட்ஜா பியூனா என்று படிக்குத் தெரியாது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கற்பூரம் எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு ஆகாது. செலவாவது ஒரு முழு நாள் நேரமும் தொண்டையும்தான். ஏதோ ஒரு நூறாவது படியில் குரல் கட்டிப்போகும், இருநூறாவது படியில் முட்டி பேசும். வாங்கிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாத காணிக்கை அது.

கடைசி வருஷங்கள்

அடுத்த முப்பது வருஷமும் சுவாமிகள் இதையே செய்துகொண்டிருந்தார். வள்ளிமலை, மெட்ராஸ், திருத்தணி, மறுபடி வள்ளிமலை. அவர் பழக்கிய ஆட்கள் ஊர் ஊராகத் திருப்புகழ் சபைகள் வைத்தார்கள். படித் திருவிழாவும் மற்ற முருகன் கோயில்களுக்குப் பரவியது. தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரால் 60 படிகள் உள்ள சுவாமிமலையில் இருந்து டெல்லி மலை மந்திர் வரை இப்போது நடக்கிறது. டெல்லியில் ஏ.எஸ்.ராகவன் உருவாக்கிய திருப்புகழ் அன்பர்கள் அமைப்பு பின்னால் அதே பாடல்களை வேறு ஒரு மெட்டு ஒழுங்கில் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. செங்கல்வராய பிள்ளை திருப்புகழுக்கு உரை எழுதி, சுவாமிகளுக்குப் பிறகு இருபது வருஷம் போல இருந்தார்.

1947 போனது. 1948 ஜனவரி 1 அன்று மெட்ராஸ் பங்களாக்களில் சலாம் வாங்கப் பழைய துரைகள் இல்லை. படித் திருவிழா தொடங்கிய காரணமே காணாமல் போய்விட்டது. ஆனாலும் முந்தின நாள் திருத்தணிக்குப் போகிற கூட்டம் நிற்கவில்லை. சுவாமிகள் இறந்தது 1950 நவம்பர் 22. எண்பது வயது. வள்ளிமலையில் அவர் தங்கியிருந்த குகையிலேயே சமாதி. அதற்கு ஐந்து வாரம் கழித்து, அவர் இல்லாத முதல் டிசம்பர் 31 வந்தது. கோஷ்டிகள் வழக்கம்போல அடிவாரத்தில் கூடி, முதல் படியைக் கழுவி, மஞ்சள் வைத்து, பாட ஆரம்பித்தார்கள்.